வேண்டாத பைப் ஆர்கனுக்குப் புது வீடு: சிங்கப்பூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பைப் ஆர்கனை (தேவாலயங்களில் இருக்கும், குழல்களில் காற்று ஊதி ஒலிக்கும் பெரிய கட்டை வாத்தியத்தை) விற்று நாலு காசு பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். பிரிட்டன், நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று பல நாடுகளில் தேவாலயங்கள் மூடப்பட்டுக்கொண்டிருக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் ஆர்கன்களையே "எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று கொடுக்கிறார்கள். ஆர்கனுக்கு விலை கிடையாது. பிரிக்க, பொதிய, ஏற்ற, இன்னோர் இடத்தில் மறுபடி பூட்டிச் சுருதி சேர்க்கத்தான் பணம் ஆகும். அந்தப் பணத்தை யார் தருவார் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால் ஆர்கன் பிழைக்கும்.

பணத்தைவிடப் பெரிய எதிரி காலம். சிங்கப்பூரில் ஓர் ஆர்கன் 'வேண்டாதது' ஆவது பெரும்பாலும் கட்டட வேலை வரும்போதுதான். ஆலயத்தைப் புதுப்பிக்கிறார்கள், மேடையில் எல்இடி திரை வைக்கிறார்கள், ஆராதனை இசைக்குழுவின் கைக்குப் போகிறது, வாசித்துக்கொண்டிருந்தவர் வயதாகி நின்றுவிடுகிறார். செயற்குழு எல்லாவற்றையும் பேசி முடித்து, கட்டடக் குத்தகைக்காரர் வேலைக்கு உள்ளே வர ஆறு வாரம் இருக்கும்போது யாராவது ஒருவர், "அப்போ அந்த ஆர்கன்?" என்று கேட்பார். ஆறு வாரத்தில் ஆர்கனுக்கு வீடு கிடைக்காது. ஓர் ஆண்டு வேண்டும், ஒன்றரை ஆண்டு இருந்தால் நல்லது. கீழே உள்ள படிகளை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

எஸ்பிளனேட் அரங்கில் 2002-இல் வந்த, ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த ஆர்கனுக்கு (4,740 குழல், 61 ஸ்டாப்; ஸ்டாப் என்பது குமிழ் இழுத்துத் திறக்கும் குழல் வரிசை) இந்தக் கவலை இல்லை. குயீன் தெருவில் நல்லாயன் பேராலயத்தில் இருக்கும் ஆர்கனும் பத்திரமாகத்தான் இருக்கிறது. 1912-இல் லண்டன் பெவிங்டன் நிறுவனம் செய்த அதுவே இந்நாட்டின் மிகப் பழைய பைப் ஆர்கன். ஹில், நார்மன் அண்ட் பியர்ட் நிறுவனம், ஆர்கன் செய்பவர் ராபர்ட் நவரத்தினம், பிலிப்பீன்ஸின் தியேகோ செரா நிறுவனம் என்று பல கைகள் பட்டும் அது இன்னும் பாடுகிறது. நான் பேசுவது பெயர் தெரியாத சிறிய ஆர்கன்களைப் பற்றி: பேட்டை ஆலயத்தில், பள்ளிச் சிற்றாலயத்தில், எப்போதாவது ஒரு தனி வீட்டில் இருப்பவை.

படி 1: உங்களிடம் இருப்பது பைப் ஆர்கன்தானா?

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் முன்னால் பளபளவென்று குழல்கள் நிற்பதால் மட்டும் அது பைப் ஆர்கன் ஆகிவிடாது. மின்னணு ஆர்கனின் ஒலிபெருக்கியை மறைக்கவும் அழகுக்குக் குழல் நிறுத்துவார்கள். உண்மையான பைப் ஆர்கனிலும் முன்வரிசையில் சில குழல்கள் ஊமையாக இருப்பதுண்டு. பக்கவாட்டுப் பலகையைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வரிசை வரிசையாக உலோக, மரக் குழல்களும், அவை ஊன்றி நிற்கும் காற்றுப்பெட்டியும், தோல் ஒட்டிய துருத்தியும், காற்றூதும் மோட்டாரும் இருக்க வேண்டும்.

காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கனாக இருந்தால் அது ஹார்மோனியத்தின் உறவு. உள்ளே பித்தளை நாக்குகள்தான், குழல் இல்லை. நாலு பேர் தூக்கி ஒரு லாரியில் ஏற்றிவிடலாம், ஆசைப்பட்டு வாங்குவோரும் இருக்கிறார்கள். மின்னணு ஆர்கன் என்றால் பழைய பொருள் விற்கும் கரோசெல் தளத்தில் படம் போட்டுப் பாருங்கள். இருபது முப்பது ஆண்டுப் பழையது என்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இந்த இரண்டுக்கும் இந்த வழிகாட்டி தேவையில்லை.

படி 2: கொடுக்கும் உரிமை யாருக்கு?

செயற்குழுத் தலைவர் தலையாட்டினால் போதாது. ஆர்கனில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும்: 'இன்னாரின் நினைவாக இன்னார் குடும்பம்.' அந்தக் குடும்பத்தைத் தேடிப்பிடித்து முதலில் சொல்லுங்கள். சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, செய்தி வெளியே போனபிறகு அவர்களுக்குத் தெரியவந்தால் எல்லாம் நின்றுபோகும்.

கத்தோலிக்கப் பங்கு என்றால் பேராயர் அலுவலகம் தெரிந்திருக்க வேண்டும். கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள பொருளைக் கைமாற்றத் திருப்பீடத்தின் அனுமதி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1292-ஆம் பிரிவு. மெதடிஸ்ட் ஆலயத்தில் உள்ளூர்ச் செயற்குழுவின் தீர்மானம் எழுத்தில் வேண்டும். கட்டடம் தேசியச் சின்னமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருந்தால் (நல்லாயன் பேராலயம் 1973-இல், ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம் 2005-இல் அறிவிக்கப்பட்டவை) எதையும் கழற்றுமுன் தேசிய மரபுடைமைக் கழகத்திடம் கேளுங்கள். அறப்பணி அமைப்பின் சொத்தை இலவசமாகக் கொடுப்பதற்கான காரணத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். கணக்குத் தணிக்கையாளர் கேட்பார்.

படி 3: ஆர்கனின் ஜாதகம்

ஆர்கன் பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் இந்தப் படியில் முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம். "பழைய ஆர்கன், நல்ல நிலை, இலவசம்" என்று ஒரு மங்கலான படத்தோடு போகும் செய்திக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. தெரிந்தவர்கள் பார்க்க விரும்புவது விவரங்களை. கைப்பேசியும் அளவு நாடாவும் இருந்தால் ஒரு சனிக்கிழமையில் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம்.

செய்தவரின் பெயர் பெரும்பாலும் கட்டைகளுக்கு மேலே சின்னத் தகட்டில் இருக்கும். ஆண்டும் செய்வரிசை எண்ணும் அங்கேயோ, காற்றுப்பெட்டியின் உள்ளே பென்சிலால் எழுதியோ இருக்கலாம். பிரிட்டனில் செய்யப்பட்டு அங்கே ஓர் ஆலயத்தில் இருந்துவிட்டு வந்தது என்றால், பிரிட்டனின் தேசிய பைப் ஆர்கன் பதிவேட்டில் அதன் பழைய விவரம் இருக்க வாய்ப்புண்டு.

அடுத்து ஸ்டாப் பட்டியல். ஒவ்வொரு குமிழிலும் ஒரு பெயரும் ஓர் எண்ணும் இருக்கும்: 16, 8, 4, 2⅔, 2. அந்த எண் அந்த வரிசையின் அடிச் சுருதிக் குழலின் நீளத்தை அடிக்கணக்கில் சொல்கிறது. முதல் மேனுவல், இரண்டாம் மேனுவல் (கையால் வாசிக்கும் கட்டை வரிசைகள்), பெடல் (காலால் வாசிக்கும் கட்டை வரிசை) என்று பிரித்து, குமிழில் எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். மேனுவலில் 61 கட்டையா, 58-ஆ, 56-ஆ என்று எண்ணுங்கள். பெடல் 30-ஆ 32-ஆ என்பதையும் குறியுங்கள். ஒரு வரிசைக்குக் கட்டைக்கு ஒரு குழல் என்ற கணக்கில் பத்து வரிசை ஆர்கனில் அறுநூறு குழல் வரும். மிக்ஸ்ச்சர் ஸ்டாப்பில் ஒரு கட்டைக்கு மூன்று நான்கு குழல் பேசும் என்பதால் எண்ணிக்கை கூடும்.

கட்டையை அழுத்தினால் காற்று எப்படித் திறக்கிறது என்பது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி. மெல்லிய மரச்சட்டங்கள் இழுத்துத் திறந்தால் இயந்திர முறை. ஈயக் குழாய் வழியே காற்றே போய்த் திறந்தால் நியூமேட்டிக். கம்பிக்கட்டும் காந்தமும் இருந்தால் மின்முறை. இயந்திர முறை ஆர்கனைப் புது இடத்தில் எழுப்பி நீண்ட நாள் ஓட்டலாம். நியூமேட்டிக் ஆர்கனில் நூற்றுக்கணக்கான சின்னத் தோல் பைகள் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் அவை வெடித்துப்போயிருந்தால் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டும், அதனால் எடுக்க வருபவர்கள் தயங்குவார்கள். மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

அளவுகள்: அகலம், ஆழம், உயரம், மிக நீளமான குழல். 8 அடித் திறந்த குழலின் பேசும் நீளமே 2.4 மீட்டர், கீழே அது ஊன்றி நிற்கும் கால் தனி. வீடமைப்புக் கழக வீட்டின் கூரை ஏறக்குறைய 2.6 மீட்டர். வீட்டுக்குக் கேட்டு வருவோருக்கு இந்த ஒரு வரியே பதில். 16 அடிக்குழல் 4.9 மீட்டர் போகும். ஆனால் மேல்வாய் மூடிய குழல் என்றால் பாதி நீளம் போதும். அடைப்பு உண்டா, நுனியை மடக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். உயரம் குறைந்த இடத்திலும் ஆர்கன் நிற்பது இப்படித்தான்.

படங்கள்: முன்புறம் முழுதாக, கட்டைகளும் குமிழ்களும் படிக்கும்படி நெருக்கமாக, உள்ளே நாலு திசையிலிருந்தும், துருத்தியின் மூலைகள், மோட்டாரின் பெயர்த்தகடு. கறையான் தின்ற இடம், நீர்க்கசிவு, தலைசாய்ந்த குழல் எல்லாவற்றையும் எடுங்கள். ஓட்டை உடைசலைக் காட்டும் படம்தான் நம்பிக்கையைக் கொடுக்கிறது.

ஒலிப்பதிவும் வேண்டும். பாட்டு வாசித்து அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனியாக இழுத்து, அடிக்கட்டையிலிருந்து உச்சிக்கட்டை வரை ஒன்றுவிடாமல் மெதுவாக ஏறுங்கள். எந்தக் குழல் ஊமை, எது தானாகக் கத்துகிறது, எது மூச்சு வாங்குகிறது என்று கேட்பவருக்குப் புரியும். கடைசியில் மோட்டாரை மட்டும் ஓடவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். காற்றுக் கசிவு அதில் தெரியும்.

படி 4: கைதேர்ந்தவரின் கண்

ஆர்கன் செய்பவர் ஒருவரை வரவழைத்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். இந்த வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிலிப்பீன்ஸ், ஆஸ்திரேலியா வரை கேட்க வேண்டியிருக்கலாம். இந்தச் செலவுக்குச் செயற்குழு முணுமுணுக்கும். ஆனால் "பிரிக்க இத்தனை நாள், இத்தனை பேர், இந்தப் பகுதி மாற்ற வேண்டும்" என்று ஒரு தொழில்காரர் எழுதிய இரண்டு பக்கம் இல்லாமல் வெளிநாட்டுக்காரர் எவரும் விமானச்சீட்டு வாங்க மாட்டார்.

மதிப்பீட்டில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இருக்கும் இடத்திலேயே விட்டுவைக்க என்ன ஆகும்? மோட்டாரின் மின்னிணைப்பைத் துண்டித்து, கறையான் மருந்து அடித்து, மூடி வைத்தால் பத்து ஆண்டுகூடக் காத்திருக்கும். திரைக்குப் பின்னால் இடம் இருக்கும் ஆலயங்களில் பல நேரம் இதுவே மலிவு. நகர்த்துவதைவிட நகர்த்தாமல் இருப்பது ஆர்கனுக்கு எப்போதும் நல்லது.

படி 5: யாரிடம் கேட்பது?

உள்ளிருந்து வெளியே போங்கள். முதலில் சொந்தச் சபையின் மற்ற ஆலயங்கள், பிறகு மற்றச் சபைகள், சிற்றாலயம் உள்ள மிஷன் பள்ளிகள், யோங் சியூ தோ இசைப்பள்ளி, நன்யாங் நுண்கலைக் கழகம். அடுத்து காஸ்வே பாலத்துக்கு அப்பால், மலேசியா. கோலாலம்பூர் பெட்ரோனாஸ் அரங்கில் கிளைஸ் ஆர்கன் இருக்கிறது, பினாங்கு அசம்ப்ஷன் ஆலயத்தில் பழைய ஆர்கன் இருக்கிறது. ஆர்கன் இருக்கும் இடத்தில் அதை வாசிப்பவரும் இருப்பார், அவருக்கு வேறு யாரையாவது தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் உலகப் பட்டியல்கள். வேண்டாத ஆர்கன்களுக்கென்றே தனிப் பட்டியல் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்கன் வரலாற்று அறக்கட்டளை நமக்குப் பக்கம். பிரிட்டனில் ஆர்கன் செய்வோர் கழகம், அமெரிக்காவில் ஆர்கன் கிளியரிங் ஹவுஸ். ஆனால் இவர்கள் கையில் ஏற்கெனவே அந்தந்த நாட்டு ஆர்கன்கள் குவிந்து கிடக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து ஒன்றைக் கப்பலேற்றி எடுக்க, அது அரிய நிறுவனத்தின் வேலையாகவோ மிக நல்ல நிலையிலோ இருக்க வேண்டும். ஆசியாவுக்குள் தேடுவதே பலன் தரும் என்று நினைக்கிறேன். சீனாவில் சியாமென் நகரை ஒட்டிய கூலாங்யூ தீவில் ஆர்கனுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இங்கிலாந்தின் நார்மன் அண்ட் பியர்ட் நிறுவனம் 1909-இல் செய்த ஆர்கன் ஒன்று இன்று அங்கே நிற்கிறது. கடல் தாண்டிக் குடியேறிய ஆர்கனுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இனி நம் ஆட்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி. செய்தி வெளியான வாரமே ஊரிலிருந்து அழைப்பு வரும்.

"மாமா, நம்ம ஊர்க் கோயில் நூற்றாண்டு விழா வருது. அந்த ஆர்கனை இங்க அனுப்பிவிடுங்களேன்."

"அனுப்பலாம் தம்பி. யார் வாசிப்பா?"

"கீபோர்டு வாசிக்கிற பையன் இருக்கான் மாமா, நல்லா வாசிப்பான்."

"காலால பெடல் வாசிப்பானா? சுருதி சேர்க்க ஆள் எங்கேயிருந்து வரும்?"

அதோடு பேச்சு நின்றுவிடும். திருநெல்வேலிக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் போன்ற ஆலயங்களில் வெள்ளைக்காரர் காலத்து ஆர்கன் இருக்கிறது, வெயிலும் அதற்குப் புதிதில்லை. ஆனால் ஊருக்குப் பெருமை கொண்டுபோகும் ஆசையில் ஆண்டுதோறும் பராமரிக்க ஆள் இல்லாத இடத்துக்கு டன் கணக்கில் மரமும் ஈயமும் அனுப்பினால், அது எலிக்கும் வௌவாலுக்கும்தான் வீடாகும். இன்னொன்றும் உண்டு. பாமாலைப் பாட்டுகள் ஆர்கனில் கம்பீரமாக உட்காரும். கமகம் கேட்கும் கீர்த்தனை உட்காராது, ஏனென்றால் குழலின் சுரத்தை வளைக்க முடியாது. கீர்த்தனையே அதிகம் பாடும் சபைக்கு நல்ல ஹார்மோனியம் ஒன்று வாங்கி அனுப்புவது பெரிய உதவி.

படி 6: கேட்டு வந்தவரை விசாரியுங்கள்

பெண் கொடுக்கும் வீட்டார் போலத் துருவிக் கேளுங்கள். இடத்தின் உயரம், தளம் தாங்கும் எடை, பணம் கையில் இருக்கிறதா அல்லது இனிமேல்தான் திரட்டப்போகிறார்களா, வாசிப்பவர் யார், பராமரிப்பவர் யார். பணம் 'வரும்' என்பவருக்கு ஒரு கடைசித் தேதி கொடுத்துவிட்டு, அதுவரை அடுத்தவரையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனத்தைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். வெப்பம் ஏறினால் குழலின் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 3 செண்ட் (செண்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு). இங்கிலாந்தில் 18 டிகிரியில் 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்த ஆர்கனை 28 டிகிரி வெப்பத்தில் வாசித்தால் 447-ஐத் தாண்டும். பியானோவோடு சேர்ந்து வாசிக்க முடியாது. அதைவிட மோசம், நாக்கு வைத்த குழல்கள் மற்றக் குழல்களின் அளவுக்கு ஏறுவதில்லை, ஆர்கனே தனக்குள் முரண்படும். ஆகவே ஆராதனை நடக்கும் வெப்பநிலையில்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

எப்போதும் திறந்து கிடக்கும் ஆலயம் ஆர்கனுக்குப் பெரிய கெடுதல் இல்லை. எப்போதும் குளிர்ந்த அரங்கம் மிக நல்லது. ஞாயிறு காலை நான்கு மணி நேரம் மட்டும் குளிரூட்டிவிட்டு வாரம் முழுவதும் மூடிப்போடும் ஆலயம்தான் ஆபத்து. ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேலிருந்து சட்டென்று இறங்கி மறுபடி ஏறும்போது மரம் சுருங்கி விரிகிறது, காற்றுப்பெட்டி பிளக்கிறது, விலங்குப் பசை விடுகிறது, தோலில் பூஞ்சணம் பிடிக்கிறது. வெப்ப நாடுகளுக்கென்று அந்தக் காலத்தில் செய்து அனுப்பிய இசைக்கருவிகளில் பசையை மட்டும் நம்பாமல் திருகாணியும் போட்டார்கள். உங்கள் ஆர்கனில் அப்படித் திருகாணி இருந்தால் விவரத்தில் பெருமையாகவே எழுதுங்கள்.

குளிருக்குப் போன வெப்பநாட்டு ஆர்கனின் கதையும் உண்டு. பிலிப்பீன்ஸின் லாஸ் பின்யாஸ் மூங்கில் ஆர்கனை 1973-இல் பழுதுபார்க்க ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கு அனுப்பி, 1975-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். அங்கே அதை வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய அறையில் வைத்து வேலை செய்தார்கள். உங்கள் ஆர்கனை ஐரோப்பாவுக்கு எடுப்பவர் காற்று வறண்டுபோகாத அறை இருக்கிறதா என்ற கேள்விக்குத் தயாராக இருக்க வேண்டும்.

மின்சாரமும் சேரவேண்டும். பிரிட்டனும் மலேசியாவும் நம்மைப்போல 50 ஹெர்ட்ஸ் நாடுகள், மோட்டார் அப்படியே ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்த 60 ஹெர்ட்ஸ் மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றும். காற்றழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு குறைவதால் ஏறக்குறைய 70 விழுக்காடுதான் கிடைக்கும். மோட்டாரை மாற்றுவதே வழி. நீங்கள் கொடுப்பவரோ எடுப்பவரோ, பெயர்த்தகட்டைப் படித்துவிடுங்கள்.

படி 7: எழுத்தில் வையுங்கள்

இரண்டு பக்கம் போதும். ஆர்கன் இருக்கும் நிலையிலேயே கொடுக்கப்படுகிறது. பிரிப்பு, காப்புறுதி, போக்குவரத்து எடுப்பவர் பொறுப்பு. இந்தத் தேதிக்குள் எடுக்காவிட்டால் உரிமை திரும்பும். எந்தக் கணத்தில் கைமாறுகிறது என்பதை அழுத்தமாக எழுதுங்கள், பாதி பிரித்த நிலையில் குழல் விழுந்தால் யாருடையது என்ற சண்டை வேண்டாம். குழல்களைத் தனித்தனியாக விற்றுவிடக் கூடாது என்ற வரியும் இருக்கட்டும்.

படி 8: பிரிப்பது

இதை ஆர்கன் தொழில்காரர் இல்லாமல் செய்யவே கூடாது. தொண்டூழியர்கள் கைகொடுக்கலாம், அவர் சொல்கிறபடி மட்டும்.

முதலில் குழல்கள். மேலே ஏறி எடுக்கும் வேலை 3 மீட்டர் உயரத்துக்கு மேல் விழக்கூடிய இடத்தில் என்றால், உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகளின்படி அந்த வேலைக்கென்று தனி அனுமதி (பெர்மிட்-டு-வொர்க்) வேண்டும். 'நம் இளைஞர்கள் ஏறிவிடுவார்கள்' என்பது இங்கே செல்லாது. மோட்டாரின் மும்முனை மின்னிணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளர் துண்டிக்கட்டும். பழைய மோட்டார்ப் பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் ஒட்டியிருப்பதுண்டு. சாம்பல் நிறப் பலகையைக் கண்டால் தொடாமல் சோதனைக்கு அனுப்புங்கள்.

குழலைக் கையுறை போட்டு, இரண்டு கையாலும் உடல் நடுவிலும் காலிலும் தாங்கிப் பிடிக்க வேண்டும். வாயின் உதட்டை விரல் தொட்டால் போச்சு. வெள்ளீயமும் ஈயமும் கலந்த உலோகம் அவ்வளவு மென்மை, கட்டைவிரல் அழுத்தினால் பள்ளம் விழும், அந்த உதட்டின் கோணத்தில்தான் குழலின் குரல் இருக்கிறது. பென்சில் தடிமனுள்ள உச்சிக் குழல்களில் மிகக் கவனம். ஒவ்வொரு குழலிலும் சுரத்தின் பெயரைச் செய்தவரே பொறித்திருப்பார். இருந்தாலும் பொட்டியில் வரிசையின் பெயரையும் முதல் கடைசிக் குழலையும் எழுதி ஒட்டுங்கள். சரியில்லாமல் தெரியும் குழலைத் தட்டி நிமிர்த்தாதீர்கள், வளைந்த தலையை நேராக்காதீர்கள். ஈயம் என்பதால் வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

பொதிய நீண்ட மரப்பெட்டிகளும் தாளும். பழைய *தமிழ் முரசு* இங்கே அருமையாக உதவும், ஒவ்வொரு குழலுக்கும் இடையில் கசக்கிய தாள். பிளாஸ்டிக் குமிழ்த்தாளை மரக் குழலில் இறுக்கிச் சுற்ற வேண்டாம், ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். குழல்கள் போனபிறகு இழுவைச் சட்டங்கள், கன்சோல் (கட்டைகளும் குமிழ்களும் உள்ள வாசிப்பு மேசை), காற்றுப்பெட்டிகள், காற்றுக் குழாய்கள், துருத்தி, கடைசியில் சட்டமும் மோட்டாரும். ஒவ்வோர் இணைப்பிலும் இருபுறமும் ஒரே எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதி, கழற்றுமுன் படம் எடுங்கள். பூட்டப்போவது வேறொருவர், ஓர் ஆண்டு கழித்து.

கிடங்கில் போட்டுவைத்து ஆள் தேடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். குளிர்சாதனம் இல்லாத கிடங்கில் தோல் போய்விடும், இருக்கும் கிடங்கில் வாடகை ஏறிக்கொண்டே போகும், வாடகை கட்டும் குழு மாறியதும் ஆர்கன் அநாதையாகும். எடுப்பவர் கையெழுத்திடும்வரை அது தன் இடத்திலேயே நிற்கட்டும்.

படி 9: கப்பல்

20 அடிக் கொள்கலனின் உள்நீளம் ஏறக்குறைய 5.9 மீட்டர். 16 அடிக்குழல் கிடத்திப் போகும். அதற்கு மேல் என்றால் 40 அடி. நீளக் குழல் நடுவில் தொய்யாமல் முழு நீளத்துக்கும் தாங்கல் வேண்டும். கொள்கலனுக்குள் இரவில் நீர் கோத்துச் சொட்டும், ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுங்கள். பெட்டிக்கு எடுக்கும் முழு மரம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியோ முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும், ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை.

சுங்கத் தாளில் பைப் ஆர்கனின் எண் 9205, ஏற்றுமதி அனுமதிக்கான விண்ணப்பத்தை முகவர் டிரேட்நெட் என்னும் சுங்க இணைய முறையில் போடுவார். கட்டையில் யானைத்தந்தம் ஒட்டியிருந்தால் (பழைய பிரிட்டிஷ் ஆர்கன்களில் அது வழக்கம்) முன்கூட்டியே தேசியப் பூங்காக் கழகத்திடம் கேளுங்கள். தந்தப் பொருள் விற்பனைக்கு இங்கே 2021 செப்டம்பர் 1 முதல் தடை, எல்லை தாண்ட அழிந்துவரும் உயிரினங்கள் பற்றிய அனைத்துலக உடன்படிக்கையின்படி தனி அனுமதி வேண்டும். கெட்ட செய்தி கடைசி நேரத்தில் வரக்கூடிய இடம் இதுதான்.

வெளிநாட்டிலிருந்து இங்கே எடுத்து வருபவர்களுக்கு ஒரு வரி: இலவசமாகக் கிடைத்தாலும் மதிப்பைக் கப்பல் கட்டணம், காப்புறுதி சேர்த்துக் காட்ட வேண்டும், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

ஒருவரும் வராவிட்டால்

அப்படியும் நடக்கும். அப்போதும் பழைய சாமான் எடுக்கும் கராங் குனிக்காரரை அழைப்பது கடைசி. முதலில் ஆர்கன் செய்பவரிடம் கேளுங்கள், நல்ல குழல் வரிசை ஒன்றோ மோட்டாரோ வேறோர் ஆர்கனின் பழுதுக்கு உதவலாம். பள்ளி அறிவியல் அறையில் பத்துக் குழலும் ஒரு சின்னத் துருத்தியும் இருந்தால் ஒலியலைப் பாடம் பிள்ளைகளுக்கு மறக்காது. முகப்புக் குழல்களைச் சுவரில் அப்படியே விட்டுவைக்கும் ஆலயங்களும் உண்டு. மீதி உலோகத்தை உருக்கித் திரும்பக் குழலாக்க விரும்பும் பட்டறைக்குத் தருவது பழைய இரும்புக் கடைக்குத் தருவதைவிட மேல்.

எங்கே போனாலும், எப்படிப் போனாலும், படி 3-இல் சேர்த்த கோப்பின் ஒரு நகலை ஆலயத்தின் ஆவண அலமாரியில் வையுங்கள், இன்னொரு நகல் ஆர்கனோடு போகட்டும். படி 2-இல் சொன்ன நினைவுத் தகடு அந்தக் குடும்பத்துக்கு. ஆர்கன் பிரிட்டனிலிருந்து வந்தது என்றால் புதிய முகவரியை அந்தத் தேசியப் பதிவேட்டுக்கும் எழுதிப்போடுங்கள்.